மிதவை தாழ்ந்தால் நல்ல பால்

விஸ்வலிங்கம்: இன்னொருக்கா சொல்லும் ராமையா. மெதுவாச் சொல்லும், நான் எழுதவேணும்.

ராமையா: எத்தன தடவ ஐயா... மிதவை தாழ்ந்தா நல்ல பாலு.

விஸ்வலிங்கம்: பால் இல்லை காணும், ஆசிட்!

ராமையா: அதான், ஆசிட்டு. இந்தக் கட்டடம் ரப்பர் பால் ஸ்டோரா இருந்தப்ப பதினெட்டு வருசம் இதே மூலையில நின்னு பாலு வாங்குனவன். வாயத் தொறந்தா பாலுன்னுதான் வருது.

விஸ்வலிங்கம்: இப்ப இது பேட்டரி வீடு. வாக்குமூலத்தில பால் எண்டு எழுதிக் குடுத்தா பெரிய துரை சிரிப்பார்.

ராமையா: அதான் சனிக்கிழமையே சிரிச்சிட்டாங்களாம்லா.

விஸ்வலிங்கம்: ஆர் சொன்னது?

ராமையா: காவக்கார ஜாகா சொன்னான். "ஈப்போ இஞ்சினியர் மூணு வருசமா கட்டுன பேட்டரி மூணு நிமிசம்கூட நிக்கல"ன்னு கோலாலம்பூர் விருந்தாளிங்க மேசையத் தட்டித் தட்டிச் சிரிச்சாங்களாம்.

விஸ்வலிங்கம்: மூண்டு நிமிசமா? ஒரு செக்கண்ட்கூட நிக்கேல்ல!

ராமையா: தெரியும். உங்க மனசு நோகக் கூடாதேன்னு நான் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன்.

விஸ்வலிங்கம்: உம்மட பகிடியை ஒரு பக்கம் வையும். பதினொரு மணிக்கு ஆபீசில விசாரணை. அதுக்கு முதல் இதில உம்மட கையெழுத்து வேணும். எழுதுறன், கேளும். "சனிக்கிழமை இரவு ஏழரை மணிக்கு, விருந்தாளிகள் முன்னிலையில், பங்களாவிலுள்ள சுவிட்சைத் தட்டி எஸ்டேட் எஞ்சின் வேண்டுமென்றே நிறுத்தப்பட்டது. பேட்டரி உடனே பாரத்தைத் தாங்கி, பத்து நிமிடம் பங்களாவுக்கு வெளிச்சம் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை." சரியோ?

ராமையா: சரி. பங்களா கும்மிருட்டு. அதுவும் எழுதுங்க.

விஸ்வலிங்கம்: தேவையில்லை. "காரணம்..." இப்ப சொல்லும். பால் அளக்கிற மீட்டர் எப்படி?

ராமையா: அது சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும் ஐயா. வாளியில மீட்டர விடுவோம். கெட்டிப் பாலா இருந்தா மீட்டரு உள்ள எறங்கும். தண்ணி கலந்திருந்தா மேல நிக்கும். மேல நின்னா திருட்டுப் பாலு.

விஸ்வலிங்கம்: ஆசிட்டில எல்லாம் தலைகீழ். சார்ஜ் நிறைஞ்சா ஆசிட் கனக்கும், மிதவை மேல நிக்கும். சார்ஜ் குறைஞ்சா தாழும். நான் உமக்குச் சொல்லித் தரேல்லையா?

ராமையா: சொன்னீங்க. இங்கிலீசுல சொன்னீங்க.

விஸ்வலிங்கம்: இங்கிலீசிலயோ?

ராமையா: அழகாத்தான் சொன்னீங்க. நான் தலைய ஆட்டுனேன்.

விஸ்வலிங்கம்: ஆக, பதினாலு மாசமா நீர் என்ன செய்தனீர்?

ராமையா: மிதவை மேல நின்னா, திருட்டு ஆசிட்டுன்னு நெனச்சு சார்ஜரப் போடுவேன். தாழ்ந்துச்சா, ஆகா நல்ல பாலு... ஆசிட்டு, போதும்னு அணைச்சிடுவேன்.

விஸ்வலிங்கம்: நிறைஞ்ச பேட்டரிக்குச் சார்ஜ். வெறும் பேட்டரிக்கு ஓய்வு. கடவுளே... திங்கட்கிழமை திங்கட்கிழமை ஈப்போவுக்குப் போன் பண்ணி என்ன சொன்னனீர்?

ராமையா: நான் எங்க சொன்னேன்? நீங்க "நல்லம்தானே?"ன்னு கேப்பீங்க. நான் "நல்லம்"பேன். வச்சிடுவீங்க.

விஸ்வலிங்கம்: நான் நம்பர் கேக்கேல்லையா?

ராமையா: ஒரு தடவ கேட்டீங்க. அப்புறம் உங்க வீட்டு சாரதாதேவி அம்மா சாப்புடக் கூப்புட்டாங்க.

விஸ்வலிங்கம்: ...இதை எழுதத் தேவையில்லை.

ராமையா: எழுதாதீங்க. எதுக்கு நமக்குள்ள.

விஸ்வலிங்கம்: நமக்குள்ள ஒண்டுமில்லை! பிழை உம்மட பிழை. அறியாமல் விட்ட பிழை எண்டு எழுதுறன்.

ராமையா: ஐயா, ஒண்ணு கேக்கணும். அறியாம செஞ்சதுக்கு என்ன தண்டன?

விஸ்வலிங்கம்: இந்த வேலை போகும். திரும்பப் பால்மரம் வெட்டப் போகவேண்டி வரும்.

ராமையா: வீடு?

விஸ்வலிங்கம்: தோட்டத்து ஆக்கள் இருக்கிற லயத்து வீடு உமக்கு இருக்கும். வேணுமெண்டு செய்த ஆளுக்குத்தான் வேலையும் போகும், வீடும் போகும். மாசம் முடிய முதல் காலி.

ராமையா: நிச்சயமா?

விஸ்வலிங்கம்: துரை என்னட்டச் சொன்னவர். "முட்டாள் எண்டா மன்னிக்கிறன், கள்ளன் எண்டா லாரியில ஏத்துவன்" எண்டு.

ராமையா: அப்ப முட்டாள்னே எழுதுங்க ஐயா. கொட்டை எழுத்துல எழுதுங்க. எடம் இருந்தா ரெண்டு தடவ எழுதுங்க.

விஸ்வலிங்கம்: எழுதியாச்சு. இனி ஒரு நம்பர் போட்டா முடிஞ்சுது. அந்த மிதவையை எடும்.

ராமையா: எதுக்கு ஐயா?

விஸ்வலிங்கம்: பேட்டரி காலியாக் கிடந்தது எண்டதுக்குச் சாட்சி வேணாமா? நாலு செல்லைத் தொட்டுப் பாத்து நம்பர் போடுவம்.

ராமையா: சட்டை வெள்ளையா இருக்கு ஐயா. ஆசிட் தெறிச்சா ஓட்டையாயிடும்.

விஸ்வலிங்கம்: பரவாயில்லை.

ராமையா: அம்மா கோவிச்சுக்குவாங்க.

விஸ்வலிங்கம்: மிதவையை எடும் எண்டன்!

ராமையா: இந்தாங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறீங்க. கோசோங் ஐயா, நூத்திருவது செல்லும் கோசோங். வெறும் டப்பா.

விஸ்வலிங்கம்: முதல் செல்... ஆசிட்டை உறிஞ்சுது... பொறும். இதென்ன?

ராமையா: மிதவை ரோசாக்கா இருக்கும்லா, கெட்டுப்போயிருக்கும்.

விஸ்வலிங்கம்: இது போன மாசம் வந்த புது மிதவை. ஆயிரத்து நூத்தித் தொண்ணூறு காட்டுது! காலி எண்டா ஆயிரத்து நூத்திருபதுக்கு வந்திருக்கவேணும். முழுசு எண்டா ஆயிரத்து இருநூத்தி அறுபது. இது நடுவில நிக்குது.

ராமையா: அந்த ஒரு செல்லு மட்டும் கொஞ்சம் புடிவாதம் புடிச்சது.

விஸ்வலிங்கம்: ரெண்டாவதும் அதேதான். மூண்டாவதும். ராமையா, சனிக்கிழமைக்குப் பிறகு ஆராவது சார்ஜ் போட்டவையா?

ராமையா: சார்ஜர் சாவியத்தான் தொரை அன்னிக்கே புடுங்கிட்டுப் போயிட்டாரே. நானும் ரெண்டு நாளா இங்கயே காவல். வீட்டுக்குக்கூட விடல.

விஸ்வலிங்கம்: அப்ப சனிக்கிழமை இது நிறைஞ்சு கிடந்திருக்கு. பிறகு ஆரோ பாதியைக் குடிச்சிருக்கினம். பங்களாவுக்கு ஒரு சொட்டும் போகேல்ல. பிறகு ஆர் குடிச்சது?

ராமையா: வெயில்ல ஆவியா போயிருக்கும்.

விஸ்வலிங்கம்: மழை பெய்யுது காணும்! ரெண்டு நாளா மழை! நில்லும், நான் பின் வரிசையையும் பாக்கிறன். நீர் அசையாதேயும்.

ராமையா: பின் வரிசை இருட்டு ஐயா... அங்க பாம்புகூட...

விஸ்வலிங்கம்: பாம்பு எண்டாலும் அதையும் அளக்கிறன்.

முத்தம்மா: ஏங்க! ஜாகா இல்ல, மழைக்கு ஒதுங்கிட்டான். இன்னிக்குப் பால்மர வெட்டும் இல்ல. சூடா தே-ஓ தேத்தண்ணி கொண்டாந்தேன், குடிங்க.

ராமையா: வச்சிட்டுப் போ முத்தம்மா.

முத்தம்மா: ரெண்டு நாளா கட்டுன பொண்டாட்டி மொகத்தப் பாக்காத மனுசன், வச்சிட்டுப் போன்னா என்ன அர்த்தம்? கேளுங்க, எனக்கு வயிறு வெடிச்சிடும் போல இருக்கு. அந்தப் படத்துல...

ராமையா: படமா? என்ன படம்? எனக்கு ஒண்ணும் தெரியாது. போ.

முத்தம்மா: சனிக்கிழமைப் படம்தாங்க! அந்தப் போலீஸ்காரனும் கடத்தல்காரனும் அண்ணந்தம்பி!

ராமையா: முத்தம்மா...

முத்தம்மா: நான்தான் மொதல்லயே சொன்னேன்ல? மருதாணி வச்ச அம்மாவுக்கு ரெண்டு புள்ளன்னு. பேட்டரிக்குள்ள கெடக்குற உங்களுக்கு எங்க தெரியப்போவுது.

ராமையா: அடியே...

முத்தம்மா: ஏன் கண்ணக் கண்ண அடிக்கிறீங்க? தூசியா? இந்தப் பக்கம் காட்டுங்க, ஊதுறேன்.

ராமையா: தூசியும் இல்ல ஒண்ணும் இல்ல, நீ போ!

முத்தம்மா: முடிவச் சொல்லிட்டுப் போறேன். ஏழரை ஆச்சா, பழக்கம், எல்லாரும் எந்திரிச்சாச்சு. லைட்டு போவப் போவுதுன்னு நல்லம்மா பாயச் சுருட்டிட்டா. செல்லாயி செருப்பத் தேடுறா. பாத்தா... போவல! லைட்டும் போவல, டிவியும் போவல! ஒருத்தரும் மூச்சு விடலங்க, மூச்சு விட்டா அணைஞ்சிடுமோன்னு. நின்ன எடத்துலயே நின்னு பாத்தோம். அந்த வில்லன் இருக்கான்ல, சுண்ணாம்புக் காளவாய் மேட்டுல ஏறி...

விஸ்வலிங்கம்: விழுந்தவனோ?

முத்தம்மா: அலாமாக்! ஐயா! நீங்க எங்க இங்க...

விஸ்வலிங்கம்: செல் அளந்துகொண்டு இருக்கிறன். நூத்தி ஏழாவது செல். நீங்கள் சொல்லுங்கோ, எனக்கும் கேக்க ஆசையாக் கிடக்கு. ஏழரைக்கு லைட் போகேல்ல. பிறகு?

முத்தம்மா: அது... நான் கண்ட கனவு ஐயா.

ராமையா: ஆமா ஐயா. ராத்திரியெல்லாம் உளறுவா.

முத்தம்மா: நான் உளறுவேனா?

ராமையா: கனவுன்னு நீதானே சொன்ன! இல்ல ஐயா, தாப்பாவுல தங்கச்சி வீட்டுல பாத்தத இங்க பாத்த மாதிரி சொல்றா.

விஸ்வலிங்கம்: தாப்பாவிலயும் நல்லம்மா பாய் சுருட்டினவவோ?

முத்தம்மா: ஏங்க... நான் கெடுத்துட்டேனா?

ராமையா: இல்ல. போ.

முத்தம்மா: ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. பேட்டரி வந்து பதினாலு மாசம் ஐயா! ஒவ்வொரு சனிக்கிழமையும் படம் பாதியில நிக்கும். பங்களாவுல குளுகுளு மெசினப் போட்டா, கரண்ட்டு தள்ளாடுதுன்னு லயத்த அணைச்சிடுவாங்க. ஒம்போது மணிக்குத்தான் திரும்ப வரும். ஒரு படத்தோட முடிவும் நாங்க பாத்ததில்ல. தாப்பாவுல ஒரு முடிவு சொல்றாங்க, பீடோர்ல வேற முடிவு சொல்றாங்க. போன வருசம் கதாநாயகி செத்தாளா பொழச்சாளான்னு எங்க லயத்துல மண்டை ஒடைஞ்சுது.

விஸ்வலிங்கம்: தெரியும்.

முத்தம்மா: வீட்ட மட்டும் எடுத்துடாதீங்க ஐயா. இந்த வயசுல சட்டி பானையோட எங்க போயி நிப்போம்?

ராமையா: போன்னு சொன்னேன்ல. மழை விடுறதுக்குள்ள போ, ஜாகா வந்துடுவான்.

விஸ்வலிங்கம்: போட்டாவோ?

ராமையா: போயிட்டா. கேளுங்க ஐயா.

விஸ்வலிங்கம்: அந்தப் பெரிய சுவிட்ச். மேல தள்ளினா பங்களா. கீழ இழுத்தா லயம்.

ராமையா: கீழ இழுத்தேன்.

விஸ்வலிங்கம்: தெரியாமலா?

ராமையா: தெரிஞ்சேதான்.

விஸ்வலிங்கம்: அப்ப மிதவை?

ராமையா: பதினெட்டு வருசம் மீட்டரு பாத்தவனுக்கு அது ஏறுனா என்ன, எறங்குனா என்னன்னு கண்டுபுடிக்க எத்தன நாளு ஆவும்? மொத வாரமே தெரியும். பதினாலு மாசமா ஒவ்வொரு செல்லையும் பெத்த புள்ள மாதிரி பாத்துக்கிட்டேன். தோட்டத்து ஆளு முட்டாளுன்னு சொன்னா நீங்க சுளுவா நம்புவீங்கன்னு தெரியும். நம்புனீங்க.

விஸ்வலிங்கம்: ...நம்பினனான்.

ராமையா: சந்தோசமா நம்புனீங்க. பேனா பறந்துச்சு.

விஸ்வலிங்கம்: சரி, சரி. பங்களாவிலயிருந்து பாத்தா லயத்து வெளிச்சம் தெரிஞ்சிருக்குமே?

ராமையா: தெரியக் கூடாதுன்னுதானே வெள்ளக்காரன் காலத்துலயே மூங்கில் வேலி போட்டான். அது நமக்கு நல்லதாப் போச்சு.

விஸ்வலிங்கம்: எஞ்சின் ஓட்டுற ஐயாவு? இருட்டானதும் எஞ்சினைத் திருப்பிப் போட ஏன் அவ்வளவு நேரம்? பெல்ட் வழுக்கினது எண்டு துரையிட்டச் சொன்னவனே.

ராமையா: பெல்ட்டு ஒண்ணும் வழுக்கல. படம் முடிஞ்சு வந்து போட்டான்.

விஸ்வலிங்கம்: அவனும் கூட்டா?

ராமையா: கூட்டெல்லாம் இல்ல ஐயா. நான் யாருக்கும் சொல்லல. லைட்டு போவலன்னதும் எஞ்சின் ஓடுதுன்னு நெனச்சுக்கிட்டு அவன்பாட்டுக்கு உக்காந்துட்டான். எஞ்சின் ஓட்டுறவனே அப்படி நெனச்சிருக்கான், பாருங்க.

விஸ்வலிங்கம்: ...என்ன சொன்னனீர்?

ராமையா: என்ன ஐயா?

விஸ்வலிங்கம்: எஞ்சின் நிண்டது அவனுக்கே தெரியேல்லையா?

ராமையா: தெரியலைங்கிறேன்.

விஸ்வலிங்கம்: லைட் மினுங்கேல்லையா? ஒருக்காக்கூட?

ராமையா: ஒரு சிமிட்டு இல்ல.

விஸ்வலிங்கம்: டிவியில படம் சுருங்கினதா? சத்தம் இழுத்துதா?

ராமையா: எண்ணெயில வழுக்குன மாதிரி போச்சாம்.

விஸ்வலிங்கம்: எத்தினை நிமிசம்? உண்மையைச் சொல்லும், கூட்டிச் சொல்லாதேயும்!

ராமையா: முப்பத்தொண்ணு. நாப்பது வீடு, டிவி இருக்குற ஹாலு, கோயிலு, ஆஸ்பத்திரி, எல்லாம் சேத்து. இத்தனையும் பங்களா இழுக்குறதுல மூணுல ஒரு பங்குதான் இழுக்குது ஐயா. நான் இங்க உக்காந்து ஊசியப் பாத்துக்கிட்டே இருந்தேன். அசையல.

விஸ்வலிங்கம்: வேலை செய்திருக்கு! என்ட பேட்டரி வேலை செய்திருக்கு! பாதிக்கு மேல இறங்கவும் இல்லை... கணக்கு அச்சாக வந்திருக்கு! ராமையா, இதுக்காகத்தானே மூண்டு வருசம் ஈப்போவில ஒவ்வொரு கந்தோரா ஏறி இறங்கினனான். "பேட்டரியை நம்பி ஒரு ஊருக்குக் கரண்ட் குடுக்கிறதா, விசரா உமக்கு?" எண்டு கேக்காத ஆள் இல்லை. தள்ளாடுற லைனைப் பேட்டரி தாங்கும் எண்டு... நான் சொன்னது சரி!

ராமையா: சரிதான் ஐயா. நல்ல பேட்டரி.

விஸ்வலிங்கம்: புதுத் தாள் எடுக்கிறன். இதைப் பதினொரு மணிக்குச் சொன்னா...

ராமையா: சொல்லுங்க. விருந்தாளிங்க இன்னும் போவல. உங்களுக்குக் கைகுடுப்பாங்க. ஈப்போவுல மால போடுவாங்க. எங்களுக்கு லாரி வரும், சாமான் ஏத்த.

விஸ்வலிங்கம்: லாரியோ...

ராமையா: எழுதுங்க ஐயா. பேனாவுல மை இருக்குல்ல?

விஸ்வலிங்கம்: ஏன் காணும் இப்படிச் செய்தனீர்? ஒரு படத்துக்காகவா?

ராமையா: படத்துக்காக இல்ல... ஆமா, படத்துக்காகத்தான். ஏன், படத்துக்காகன்னா என்ன? அவங்க குளுகுளுன்னு கோழி திங்கிறதுக்காக பேட்டரி கட்டலாம், நாங்க படம் பாக்குறதுக்காக ஒரு தடவ இழுக்கக் கூடாதா?

விஸ்வலிங்கம்: நான் அப்படிச் சொல்லேல்ல...

ராமையா: எண்பத்திரெண்டுல அந்த ஹால்ல ஏறி நின்னு பேசுனது யாரு? "பேட்டரி வந்தா இனி லயத்து லைட்டு அணையாது, எஞ்சின் தள்ளாடுனா பேட்டரி தாங்கிப் புடிக்கும்"னு சொன்னது யாரு? நூத்திருவது செல்லையும் லாரியில இருந்து தோள்ல எறக்குனவன் நான். கூலிக்கா எறக்குனேன்? நீங்க சொன்னத நம்பி எறக்குனேன்.

விஸ்வலிங்கம்: நான் கீறின பிளானில லயமும் இருந்தது. துரைதான் மாத்தினவர். "பங்களாவுக்கு மட்டும், லயத்தை வழக்கம்போல அணை" எண்டவர்.

ராமையா: தெரியும். அத எனக்குப் போன்ல சொன்னீங்க. நல்ல சேதிய ஹால்ல சொன்னீங்க, கெட்ட சேதிய மட்டும் போன்ல சொன்னீங்க. லயத்துக்காரங்களுக்கு அத யாரு சொன்னா? நான் சொன்னேன். "பேட்டரிக்காரரே, என்னாச்சு உங்க பேட்டரி?"ன்னு ஒவ்வொரு சனிக்கிழமையும் என்னத்தான் கேலி பண்ணாங்க. கோயில்ல விபூதி குடுக்குறப்பகூட "இருட்டு வர்றதுக்குள்ள பூசிக்கங்க ராமையா"ங்குறாரு பண்டாரம். அவமானமா இருந்துச்சு ஐயா. வெளிய சொல்ல முடியல, அவ்வளவு அவமானமா இருந்துச்சு.

விஸ்வலிங்கம்: நீராவது படத்தைப் பாத்தனீரா?

ராமையா: எங்க பாக்குறது? ஊசிய யாரு பாக்குறது? லயத்துலயே முடிவு தெரியாத ஒரே ஆளு நான்தான். இப்பவும் காளவாய் மேட்டுல ஏறுன வரைக்கும்தான் தெரியும். மிச்சத்த நீங்க குறுக்க பூந்து கெடுத்துட்டீங்க.

விஸ்வலிங்கம்: இந்தத் தாள் வேணாம்.

ராமையா: ஐயா? என்ன, அந்தத் தாளக் கிழிக்கிறீங்க?

விஸ்வலிங்கம்: இது புதுத் தாள். பழைய தாள் இஞ்ச கிடக்கு. இதில கையெழுத்துப் போடும்.

ராமையா: இது முட்டாளுன்னு எழுதுன தாளு.

விஸ்வலிங்கம்: ஓம். போடும்.

ராமையா: நம்பரு?

விஸ்வலிங்கம்: ஆயிரத்து நூத்திருபது எண்டு போட்டிருக்கிறன். காலி. இந்த எஸ்டேட்டில மிதவை பாக்கத் தெரிஞ்சது ரெண்டே பேருக்கு. ஒருத்தன் நான், மற்றவன் முட்டாள்.

ராமையா: உங்க பேரு கெட்டுப்போயிடுமே ஐயா. பேட்டரி நிக்கலன்னு ஈப்போ பூராவும் சிரிப்பாங்க.

விஸ்வலிங்கம்: சிரிக்கட்டும்.

ராமையா: இல்ல, இது சரிப்படல. இதுவரைக்கும் என் கழுத்துல கத்திய வச்சிருந்தீங்க. இப்ப திடீர்னு உங்க கழுத்த நீட்டுறீங்க. என்ன விசயம்?

விஸ்வலிங்கம்: துரை அந்தச் சுவிட்சில லயத்துக்குப் போற கீழ்ப் பக்கத்துக் கம்பியைக் கழட்டச் சொன்னவர். நான் கழட்டேல்ல. உம்மட உண்மை வெளிய வந்தா, கம்பி ஏன் கிடந்தது எண்டு என்னைக் கேப்பார். அதுதான். வேற ஒண்டுமில்லை.

ராமையா: மறந்துட்டேன்னு சொன்னா முடிஞ்சுச்சு. அதுக்காக மூணு வருசத்து ஒழைப்ப யாராச்சும் தண்ணியில விடுவாங்களா? பொய் சொல்லத் தெரியலையே உங்களுக்கு.

விஸ்வலிங்கம்: கையெழுத்தைப் போடும் காணும், நேரம் போகுது!

ராமையா: போடுறேன். அதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு தெரியணும். சனிக்கிழமை நீங்க எங்க இருந்தீங்க?

விஸ்வலிங்கம்: பங்களாவில. விருந்தில.

ராமையா: விருந்துலயா?

விஸ்வலிங்கம்: ...பின்வாசலில. மேசையில எனக்கு இடம் போடேல்ல. டிரைவர்மாரோட நிக்கச் சொன்னவை.

ராமையா: கட்டுனவருக்கே எடம் இல்லையா?

விஸ்வலிங்கம்: விடும்.

ராமையா: சரி. இருட்டானதும் தொரை உங்களத்தான் மொதல்ல வெரட்டிருப்பாரு, ஓடிப் போயி பேட்டரியப் பாருன்னு. நான் கதவத் தாழ் போட்டுக்கிட்டு உள்ள இருந்தேன். நீங்க வருவீங்க, கதவத் தட்டுவீங்க, கத்துவீங்க, அவ்வளவுதான் நம்ம கதைன்னு நெனச்சேன். பங்களாவுல இருந்து இங்க ஓடி வர ஆறு நிமிசம். முப்பத்தொரு நிமிசமும் ஒருத்தரும் தட்டல. எஞ்சின் திரும்ப ஓடுனதுக்கப்புறம்தான் வந்தீங்க. நடந்து வந்தீங்க.

விஸ்வலிங்கம்: வழி இருட்டு. டார்ச் இல்லை.

ராமையா: வழியில இருட்டு ஏது ஐயா? வழியில இருக்குறது ஹாலு மட்டும்தான். அன்னிக்குப் பகல் மாதிரி எரிஞ்சுது.

விஸ்வலிங்கம்: ஹாலின்ர பின் சன்னலடியில நிண்டனான். ஓடி வந்த மூச்சு. உள்ளுக்கு வெளிச்சம்... ஒரு ஆட்டம் இல்லை, ஒரு நடுக்கம் இல்லை. அதைத்தான் முதல்ல பாத்தனான், சத்தியமா. என்ட பேட்டரியோ எண்டு அப்பவே நினைச்சனான், ஆனா உம்மட வாயால கேக்கிறவரைக்கும் நம்பேலாமக் கிடந்தது. பேந்துதான் படத்தைப் பாத்தது. உம்மட ஐயாவு இடையில எழும்பி நிண்டு பாதியை மறைச்சுப்போட்டான். கடைசியில எல்லாரும் ஒண்டாக் கைதட்டிச்சினம் ராமையா. அப்படிக் கைதட்டிச்சினம்.

ராமையா: ஐயா... அது வில்லன் காளவாயில விழுந்ததுக்குத் தட்டியிருப்பாங்க. உங்க பேட்டரிக்கு இல்ல.

விஸ்வலிங்கம்: தெரியும். நானும்தான் தட்டினனான்.